காலம் ஒரு சுதந்திர இயக்கக் கூறு ஆகுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காலம் நான்காவது பரிமாணம் என்று படிக்கும் மாணவர்கள் பலர், ஒரு துகளுக்குச் சுதந்திர இயக்கக் கூறுகளும் நான்கு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இது தவறு. அளந்தே காட்டலாம்.

ஒரு கணத்தில் ஓர் அமைப்பின் பகுதிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்ல எத்தனை தனித்த எண்கள் தேவையோ, அத்தனை கூறுகள். கணத்தைக் குறித்த பிறகுதான் எண்ணவே தொடங்குகிறோம்.

ஆர்கான் ஓரணு வாயு, கூறுகள் 3. மாறா அழுத்தத்திலும் மாறாக் கன அளவிலும் அளக்கும் அதன் இரு தன்வெப்பங்களின் விகிதம், 2-ஐக் கூறுகளின் எண்ணிக்கையால் வகுத்து 1-ஐக் கூட்டினால் வருவது: 1 + 2/3, அதாவது 1.67. காலத்தையும் சேர்த்து 4 என்று வைத்தால் 1.5 வரும். இந்த விகிதம் ஒலியின் வேகத்தை நேரடியாக மாற்றும். 0 டிகிரி செல்சியஸில் முதல் கணக்குப்படி ஆர்கானில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 308 மீட்டர் செல்ல வேண்டும்; இரண்டாவதன்படி 292. அளவீட்டில் கிடைப்பது 308. வெப்ப ஆற்றல் பகிர்ந்துகொள்ளப்படும்போது காலத்துக்குப் பங்கு எதுவும் போவதில்லை.

சார்பியலிலும் இதே எண்ணிக்கைதான். நான்கு ஆயங்களையும் துகளின் சொந்தக் கடிகார நேரத்தைக் கொண்டு எழுதலாம். ஆனால் நாற்திசைவேகத்தின் (அந்த நேரத்தைக் கொண்டு நான்கு ஆயங்களும் மாறும் வீதத்தின்) அளவு எப்போதும் ஒளிவேகமே என்ற நிபந்தனை கூடவே வருகிறது. அந்த வேகத்தின் மூன்று பாகங்களைச் சொன்னால் நான்காவது தானாகவே தெரிந்துவிடும்.

உண்மையிலேயே யோசிக்க வைப்பது வேறோர் இடம். ஊசல் தொங்கும் புள்ளியை ஒரு மோட்டார் மேலும் கீழும் ஆட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளி எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பது முன்பே தெரியும். தெரியாதது கோணம் ஒன்றுதான். ஆகவே கூறு 1. ஆனால் ஆற்றல் இப்போது மாறிலி அல்ல, இயக்கம் ஒழுங்கற்றும் போகலாம். அதனால்தான் ஒழுங்கற்ற இயக்கத்தை ஆராய்பவர்கள் இதை 'ஒன்றரை' என்று எண்ணுகிறார்கள். ஒரு முழுக் கூறுக்குக் கோணம், உந்தம் என இரண்டு மாறிகள். காலம் துணை இல்லாமல் தனியே நிற்பதால் அரை. பயனுள்ள கணக்குமுறைதான், ஆனாலும் காலம் அங்கே முழுக் கூறாகிவிடவில்லை.

சந்தேகம் தீராத மாணவர்கள் இந்த ஊசலுக்குக் கோணத்தையும் காலத்தையும் இரு ஆயங்களாக வைத்து லக்ராஞ்சி சமன்பாடுகளை (ஆயத்துக்கு ஒன்றாக எழுதும் இயக்கச் சமன்பாடுகளை) எழுதிப் பார்க்கட்டும். இரண்டு சமன்பாடுகள் வரும். காலத்துக்கான சமன்பாடு ஆற்றல் மாறும் வீதத்தை மட்டுமே தரும். அது கோணத்துக்கான சமன்பாட்டிலிருந்தே கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்