லீசெஸ்ஸில் அம்மா

கண்ணு,

நல்லா இருக்கியா? நானும் அப்பாவும் நலம். பெங்களூரா மாங்காய்க்கு இந்த வருஷமும் விலை இல்லை, மாங்கூழ் ஃபேக்டரிக்காரர்கள் சொல்வதுதான் விலை. அப்பா போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

நீ போனில் சதுரங்கம் ஆடுகிற அந்த லீசெஸ் இணையதளத்தில் நானும் சேர்ந்துவிட்டேன். எதிர்வீட்டுப் பெண்தான் கணக்குத் திறந்து கொடுத்தாள். எடுத்த எடுப்பிலேயே ஆட்டத் திறமைக்கு 1500 புள்ளி என்று போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் வைத்துவிடுகிறார்கள், நம் ஆட்டம் எப்படி என்று இன்னும் தெரியாதாம். 10 நிமிஷ ஆட்டம். எதிரே யாரென்றே தெரியாமல் ஆடி எனக்குப் பழக்கமில்லை, திண்ணையில் ஆடும்போது தாத்தா மீசையைத் தடவினாலே ஏதோ திட்டம் இருக்கிறது என்று தெரிந்துவிடும், இங்கே கடிகாரம் மட்டும்தான் ஓடுகிறது. நான் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன், பக்கத்தில் வந்து நின்ற என் சிப்பாயை விட்டுவிட்டு அவன் சிப்பாய் அதற்குப் பின்னாலிருந்த காலிக் கட்டத்துக்குக் குறுக்கே போனது, என் காயைக் காணோம்! தாத்தா ஆட்டத்தில் சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போகும், அதனால் அங்கே இந்த வெட்டுக்கே வேலை இல்லை. பள்ளிக்கூட நாளில் நீ ஆன்பசான், ஆன்பசான் என்பாயே, அது இதுதான் என்று அப்புறம்தான் புரிந்தது. ஒரு யானை கூடுதலாக இருந்தும் நேரம் முடிந்து தோற்றேன். ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் உன் பேரைத் தேடினேன். மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கிய பிள்ளை, 2000 புள்ளிக்கு மேல் இருந்த பிள்ளை, தை மாசத்திலிருந்து அந்தப் புள்ளிக் கோடு இறங்கிக்கொண்டே வருகிறது. அது போகட்டும். ராத்திரி 3 மணிக்கு ஆடியிருக்கிறாய். தோற்ற கையோடு மறுபடியும், மறுபடியும், எல்லாம் ஒரு நிமிஷ ஆட்டம். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கும் ஆட்டம், புதன்கிழமையும். ஆபீஸ் நேரத்தில் எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை.

தூங்கு கண்ணு. 2024-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான போட்டியில் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே சீனாக்காரர் டிங் லிரனிடம் தோற்றான், அன்றைக்கே இன்னொன்று ஆடினானா? மறுநாள் டிரா, அதற்கு மறுநாள் ஜெயித்தான், கடைசியில் 18 வயசில் உலகப் பட்டம். அன்றைக்கு அப்பா டீக்கடையில் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு ஆட்டம் தோற்றால் போனை மூடி வை. சாப்பிடு. இரண்டு தோற்றால் மூடி வை, கேட்கிறதா?

பெங்களூரு இங்கிருந்து 90 கிலோமீட்டர். பொங்கலுக்கு வந்துபோனவன், இன்னும் எட்டிப்பார்க்கவில்லை. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் எத்தனை மணிக்கு இறங்கினாலும் அப்பா வண்டியோடு வந்துவிடுவார்.

ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்கு உன்னை ஆட்டத்துக்குக் கூப்பிடுவேன். 15 நிமிஷமாக வைக்கிறேன், எனக்கு அவ்வளவு வேண்டும். பேச வராது என்றால் பலகைக்கு ஓரமாக எழுதுகிற பெட்டி இருக்கிறதே, அதில் எழுது. நான் பார்த்தது எதையும் அப்பாவிடம் சொல்லவில்லை.

அம்மா