வரிசையில் நிற்கும் பிள்ளைக்கும் பந்து கொடுங்கள்

கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

செந்தூலில் குடியிருக்கிறேன். இருபத்தேழு ஆண்டுகள் உடற்கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவள். போன மாதம் பேத்தியைக் கூட்டிவரப் போயிருந்தேன். திடலில் நான்காம் ஆண்டு வகுப்பு, பந்தெறியும் பாடம். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பந்து. வேலியோரம் நின்றபடி ஒரு சிறுமியை மட்டும் கவனித்தேன். மஞ்சள் சட்டை, முழங்காலில் பிளாஸ்திரி. அரை மணி நேரத்தில் அவள் கைக்குப் பந்து மூன்று முறை வந்தது. மூன்று முறையும் வலக்கையால் எறியும்போது வலக்காலையே முன்னால் வைத்தாள். பந்து காலடியிலேயே விழுந்தது. மூன்றாவது முறை மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தன் முறை நெருங்கும்போதெல்லாம் பின்னால் நிற்பவளை முன்னே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

அந்தக் காலைப் பற்றி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். எறியும் திசையை நோக்கி இடத்தோள் இருக்கும்படி பிள்ளையைப் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். இடக்காலால் கோட்டைத் தாண்டச் சொல்ல வேண்டும். கால் ஊன்றியதும் இடுப்பு திரும்பும், அதன் பின்னால் தோள் வரும், கை கடைசியில்தான் வரும். கை பலமில்லாத பிள்ளை என்று நாம் முடிவு கட்டிய எத்தனையோ பேர் கால் மாற்றி வைத்தவர்கள்தாம். கோட்டைத் தாண்டிய முதல் தடவையே பந்து பத்தடி கூடுதலாகப் போய் விழும். அப்போது அந்தப் பிள்ளை திரும்பி நம்மைப் பார்க்கும் பார்வைக்காகத்தான் நான் இருபத்தேழு ஆண்டுகள் வெயிலில் நின்றேன்.

அன்று பாடம் நடத்திய ஆசிரியை மேல் எனக்கு வருத்தமில்லை. விசாரித்தேன், அவர் கணிதத்துக்கு வந்தவர். அட்டவணையில் நிரம்பாமல் கிடந்த பாடவேளைகளை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். நம் பள்ளிகள் பலவற்றில் உடற்கல்வி இப்படித்தான் கைமாறுகிறது. அதனால்தான் இந்த மடலை அட்டவணை போடுகிறவர்களுக்கு எழுதுகிறேன்.

பாடத்திட்டத்தில் குறையில்லை. தாக்குதல் வகை, வலைசார் வகை, பந்தை அடித்துத் தடுக்கும் வகை என விளையாட்டுகளைப் பிரித்து, படிப்படியாகக் கற்பிக்கச் சொல்கிறது. 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' கொள்கையும் 2011 முதல் இருக்கிறது. ஆனால் வாரத்துக்குக் கிடைப்பதே ஒரு மணி நேரம். ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடல் வேர்க்க இயங்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு நாளுக்கே காணாத அந்த ஒரு மணி நேரத்தையும் தேர்வு வந்தால் எடுத்துக்கொள்கிறோம். முன்பு ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆரைக் காரணம் காட்டினோம். அது 2021இல் ரத்தாகிவிட்டது. பறிப்பது மட்டும் நிற்கவில்லை.

ஆண்டுக்கு இருமுறை செகாக் என்னும் உடல்தகுதிச் சோதனை நடத்துகிறோம். மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்க வைத்து நாடி பார்க்கிறோம், தண்டால் எண்ணுகிறோம், உட்கார்ந்து கால் நீட்டிக் கை எட்டும் தூரத்தை அளக்கிறோம், புள்ளிகளைப் பதிவு செய்கிறோம். முதல் சோதனைக்கும் இரண்டாவது சோதனைக்கும் இடையில் அந்தப் பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுத்தோம்? தராசில் ஏற்றி ஏற்றி இறக்கினால் பிள்ளை வளர்ந்துவிடுமா?

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டு என் பெண்கள் அஞ்சலோட்டத்தில் வட்டார அளவில் முதலாவதாக வந்தார்கள். மாலை, கோப்பை, சபை கூடலில் பாராட்டு. அந்த ஆண்டு முழுக்க நான் பயிற்சி கொடுத்தது நான்கு பேருக்கு. இயற்கையிலேயே வேகமாக ஓடும் நால்வரைப் பொறுக்கியெடுத்து, கட்டை மாற்றக் கற்றுக்கொடுத்தேன், அவ்வளவுதான். பல ஆண்டு கழித்துச் செந்தூல் சந்தையில் ஒரு பெண் என்னை நிறுத்தி, "டீச்சர், நான் உங்க கிளாஸ்தான். நீங்க ஒரு நாளும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கையில் கீரைக்கட்டோடு சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

விளையாட்டு விழா மேடையில் மணி ஜெகதீசன், ராஜமணி, சாந்தி என்று நம் நாட்டு ஓட்டப்பந்தய நட்சத்திரங்களின் பெயர்களை அடுக்குகிறோம். அடுக்க வேண்டியவர்கள்தாம். கூடவே காற்பந்துப் பயிற்றுநர் கே. ராஜகோபாலையும் நினைத்துப் பாருங்கள். 2010 டிசம்பர் முதல் தேதி அவருடைய மலேசியக் காற்பந்து அணி ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5–1 என்று தோற்றது. அதே மாதம் 26ஆம் தேதி, அதே போட்டியின் இறுதிச் சுற்று முதல் ஆட்டத்தில், புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3–0 என்று வென்றது. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 4–2 கணக்கில் ஆசியான் கிண்ணம் முதன்முறையாக நமக்குக் கிடைத்தது. போட்டி நடுவில் வேறு ஆட்களைத் தேட அவருக்கு வழியில்லை. இருக்கிற பையன்களைத்தான் தேற்றியாக வேண்டியிருந்தது. நம் வகுப்பறையும் அப்படித்தானே? வந்து சேர்ந்த பிள்ளைகள்தாம் நம் அணி.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் தனியாக ஒன்று. வெளியிலிருந்து பயிற்றுநரைக் கூட்டிவருகிறீர்கள், சம்பளமும் கொடுக்கிறீர்கள், நல்லதுதான். அவர் விளையாட்டு அறிவியல் முதல்நிலைச் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம் புக்கிட் ஜாலிலில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகமான இன்ஸ்டிடியூட் சுக்கான் நெகாராவின் கீழ்தான் நடக்கிறது, தொலைவில் இல்லை. சான்றிதழ் இருந்தாலும் ஒரு நாள் சொல்லாமல் போய் நின்று பாருங்கள். பந்தைத் தவறவிட்ட பையனைத் திடலைப் பத்துச் சுற்று ஓட விடுகிறாரா? அப்படியானால் அன்றே பேசுங்கள். ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க ஓட்டத்தை வெறுக்கும். குண்டான பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறவர் எத்தனை கோப்பை வென்றவராக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

அணித்தலைவர் தேர்வையும் கவனியுங்கள். வேகமாக ஓடுகிறவனுக்கே ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பட்டை போகிறது. கூம்புகளை அடுக்கிவைக்கிறவள், விழுந்தவனைத் தூக்கிவிடுகிறவன், தோற்ற அன்று தம்பிகளைத் தண்ணீர் குடிக்க அழைத்துப் போகிறவன் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். மாதம் ஒருவராக மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். உரக்கப் பேசாத பிள்ளைகூட ஒரு வாரத்தில் "எல்லாரும் வந்தாச்சா?" என்று எண்ணத் தொடங்கும்.

பணமில்லை, திடலில்லை என்பீர்கள். நகரத்துப் பள்ளிகளில் இடநெருக்கடி உண்மைதான், நானும் கார் நிறுத்துமிடத்தில் பாடம் நடத்தியிருக்கிறேன். பழைய நாளிதழைக் கசக்கி உருட்டி, மேலே பிசின் நாடா சுற்றினால் பந்து. அரை மணி நேரத்தில் பிள்ளைகளே முப்பது செய்துவிடுவார்கள். இருவருக்கு ஒன்று கொடுத்துச் சுவரோரம் நிறுத்தினால் வரிசையே தேவைப்படாது. மூன்று முறை பந்து தொட்ட பிள்ளை அறுபது முறை தொடும்.

சனிக்கிழமைகளில் எனக்கு வேலை ஏதுமில்லை. உடற்கல்வி தலையில் விழுந்து திகைத்து நிற்கும் உங்கள் ஆசிரியர்களை ஒரு காலை வேளை கூட்டிவையுங்கள். எறிதல், பிடித்தல், தாவி இறங்குதல் மூன்றையும் எப்படிக் கற்பிப்பது என்று செய்தே காட்டுகிறேன். சம்பளம் வேண்டாம். பழைய நாளிதழ்களை மட்டும் சேர்த்து வையுங்கள், சுண்ணக்கட்டியை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
செந்தூல், கோலாலம்பூர்