தாயி, ஊற்றி ஊற்றி ஓட்டாதே

அன்புள்ள தாயிக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. "கூலண்ட் குறையுது, வாரத்துக்கு ஒரு பாட்டில் தண்ணி ஊத்திக்கிறேன்ப்பா, கார் அது பாட்டுக்கு ஓடுது" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். ஒரு தடவை படித்துவிட்டு, அப்புறம் காருக்குப் பக்கத்தில் நின்று இன்னொரு தடவை படி.

முதலில் ஒன்று. கூலண்ட் என்பது இன்ஜின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர், பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை. இன்ஜினுக்கும், சூட்டைக் காற்றில் விடுகிற ரேடியேட்டருக்கும் நடுவில் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. வாரம் ஒரு பாட்டில் குறைகிறது என்றால் ஒன்று வெளியே ஒழுகுகிறது, இல்லாவிட்டால் போகக்கூடாத இடத்துக்கு உள்ளே போகிறது. எது என்று தெரியாமல் மேலே ஊற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே கரை சேரலாம் என்று நினைக்கிற மாதிரி. கரை பக்கத்தில் இருக்கிற வரைக்கும் சரி. நீ அடுத்த மாதம் கோத்தகிரி மலை ஏறப்போகிறேன் என்கிறாய்.

நானும் இதைத்தான் செய்தேன், அதனால்தான் உரிமையோடு சொல்கிறேன். இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கிடையாது, ஆனால் நாட்டுப்படகு போகிறது அல்லவா, அந்த மீனைப் பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து ராமநாதபுரத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். பிக்கப்பில் ஒரு மாதமாகவே கூலண்ட் டப்பா காலையில் காலியாக இருக்கும். கேனில் போர் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு ஊற்றி ஓட்டினேன். போன வாரம் பாறை மீனும் சூடை மீனும் ஐஸும் பாரமாக இருக்க, கத்திரி வெயில், பாம்பன் பாலத்தில் ஏறும்போது ஹீட் முள் பாதியைத் தாண்டி மேலே போகிறது. கடல் மேல் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், முன்னும் பின்னும் வண்டிகள், நடுவில் நிறுத்த இடம் கிடையாது. ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டேன். அது இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேர்த்து ஊற்றுகிறது, முகத்தில் அனல். அப்படியே மெதுவாக உருட்டி மண்டபம் பக்கம் இறங்கி, ஓரமாக நிழல் பார்த்து நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். முக்கால் மணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. பின்னால் ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கரையட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஏன் தொடவில்லை என்று சொல்கிறேன். என் வலது முழங்கைக்குக் கீழே பளபளவென்று ஒரு தழும்பு இருக்குமே, சின்ன வயதில் விரலால் தடவித் தடவிக் கேட்பாய், கடலில் சொறி, அந்த ஜெல்லி மீன், பட்டது என்று சொல்லி வைத்திருந்தேன். அது சொறி இல்லை தாயி. நீ பிறந்த வருஷம், வேறொருவர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தபோது, சூடான ரேடியேட்டர் மூடியை அவசரத்தில் திறந்தேன். உள்ளே இருந்த கொதிநீர் கம்பமாக எழுந்து கையில் விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. இருபது நாள் உன்னைத் தூக்க முடியவில்லை. உன் அம்மா ஒரு கையில் உன்னையும் இன்னொரு கையில் மருந்தையும் வைத்துக்கொண்டு அலைந்தாள். உனக்கு வண்டி என்றாலே பயம் வந்துவிடக்கூடாது என்றுதான் சொல்லவில்லை. இப்போது நீயே ஓட்டுகிறாய், தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மூடி குக்கர் வெயிட் மாதிரிதான். மேலே 0.9 அல்லது 1.1 என்று ஒரு எண் பொறித்திருக்கும், அவ்வளவு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அந்த அழுத்தத்துக்குள் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது மொத்தமும் ஒரேயடியாகக் கொதித்துப் பொங்கும். அதே காரணத்தால்தான் சின்ன ஒழுக்கும் சின்ன விஷயம் இல்லை. ஓட்டை இருந்தால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் நிற்காவிட்டால் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளையும், அதற்கு அடியில் ஒழுகாமல் அடைத்திருக்கிற கேஸ்கட் போகும். மேலே போகிற பெரிய ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பார், கை தாராளமாகத் தாங்குகிற அளவுக்கு ஆறிய பிறகு, கெட்டித் துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, கால் சுற்று திருப்பி நிறுத்தி, ஸ்ஸ் சத்தம் அடங்கிய பிறகு மீதியைத் திற. சூட்டோடு பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதே, இரும்பு வெடிக்கும்.

சரி, என் வண்டியில் எங்கே ஒழுகியது? அதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. நம்ம வீட்டு மணல் எதைக் கொட்டினாலும் குடித்துவிடும், ஒரு சொட்டு தெரியாது. ஓடும்போது ஒழுகினால் இன்ஜின் சூட்டில் அங்கேயே ஆவியாகிவிடும். யோசித்துப் பார்த்து, மீன் பெட்டியின் தெர்மோகோல் மூடிகள் இரண்டை, வெள்ளை வெளேரென்று கழுவியது, ராத்திரி இன்ஜினுக்கு அடியில் தள்ளி வைத்தேன். பறக்காமல் இருக்க மேலே கல். விடிந்து பார்த்தால் மூன்று பொட்டு. ஒன்று கறுப்பு, அது ஆயில், பழைய கதை. மற்ற இரண்டும் வெளிறிய பச்சை. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுவழுவென்று, லேசாக இனிப்பு வாசனை. அந்தப் பொட்டிலிருந்து நேர் மேலே டார்ச் அடித்துக்கொண்டே போனால், கீழ் ஹோஸ் வாட்டர் பாடியில், அதாவது தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்பில், சொருகியிருக்கிற முனை. ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளிப் துருப்பிடித்து இளைத்துப்போயிருந்தது. ஹோஸ் வாயைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்கு, வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி ஓரத்தில் பூத்துக்கிடக்குமே, அச்சு அசல் அதே மாதிரி.

கழற்றுவதும் மாட்டுவதும் இரண்டு மணி நேர வேலை. வண்டி முழுசாக ஆறியிருந்தது, உடைமர நிழலில் தார்ப்பாய் விரித்துப் படுத்தேன். கீழே இருக்கிற வடிகால் திருகு பிளாஸ்டிக், அதை விரலால் மட்டும் திருப்ப வேண்டும், ஸ்பேனர் போட்டால் உடையும். பழைய கூலண்டை வாளியில் பிடித்து உடனே கேனில் ஊற்றி மூடிவிட்டேன். அது விஷம் தாயி, ஆனால் தித்திக்கும், நாயும் ஆட்டுக்குட்டியும் நக்கும். நீ வைத்திருக்கிற பூனையை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஹோஸ் ஒட்டிக்கொண்டு வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் முனை உடைந்து செலவு பத்து மடங்காகும், எப்படியும் புது ஹோஸ் போடப்போகிறோம் என்று பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுத்தேன். உள்ளே அந்த அலுமினிய முனை அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக அரித்திருந்தது. அதைப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் கடல் காற்று கிளிப்பைத் தின்றது சரி, இதைத் தின்றது நான் ஊற்றிய போர் தண்ணீர். நம்ம ஊர் தண்ணீரில் டீ போட்டாலே உப்புக் கரிக்கும். அதைப் போய் ஒரு மாதமாக ரேடியேட்டருக்குள் விட்டிருக்கிறேன்.

எமரி பேப்பரால் வழவழப்பாகும் வரை தேய்த்துத் துடைத்து, புது ஹோஸின் வாயைக் கூலண்டில் நனைத்து, கிரீஸ் எல்லாம் தடவாமல், முனையில் ஒரு வரம்பு இருக்கும், அதைத் தாண்டித் தள்ளி, கிளிப் அந்த வரம்புக்குப் பின்னால் உட்காருகிற மாதிரி இறுக்கினேன். வரம்பின் மேலேயே கிளிப்பைப் போட்டால் எத்தனை இறுக்கினாலும் ஒழுகும். பலத்தைக் காட்டி முறுக்கவும் கூடாது, ரப்பர் அறுபடும். அப்புறம் கூலண்டை மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, ஹீட்டரையும் திறந்து வைத்து, குமிழி வந்து வந்து அடங்குகிற வரை காத்திருந்தேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும், அப்போது சூடானால் திறக்கிற தெர்மோஸ்டாட் வால்வு திறந்துவிட்டது என்று அர்த்தம், தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கும், அந்த இடத்தை நிரப்பி மூடினேன். மறுநாள் ஆறிய பிறகு பார்த்தால் டப்பாவில் இன்னும் ஒரு விரல் குறைந்திருந்தது, உள்ளே தங்கிய காற்று வெளியேறியது அது. ஊற்றினேன். ஐந்து நாளாகிறது, கோட்டிலேயே நிற்கிறது.

இப்போது உன் காருக்கு வருகிறேன். சாயங்காலம் நிறுத்தும்போது அடியில் வெள்ளை அட்டையோ செய்தித்தாளோ விரித்து வை. காலையில் பொட்டு இருந்தால் தொட்டுப் பார், நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் என்றால் அது பெரும்பாலும் ஏசி தண்ணீர், ஆனால் நீ வெறும் தண்ணீரே ஊற்றி வந்ததால் கூலண்ட் வெளுத்தும் போயிருக்கலாம். நிறமும் வழுவழுப்பும் இருந்தால் நேர் மேலே என்ன இருக்கிறது என்று ஒரு படம் எடு. ஹோஸ்களை அழுத்திப் பார், ஆறின வண்டியில் மட்டும். கிளிப் பக்கத்தில் ஊதியிருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, காய்ந்த பொருக்கு இருக்கிறதா என்று பார். பானெட் திறந்திருக்கும்போது துப்பட்டாவும் முடியும் கட்டியிருக்கட்டும், உன் வண்டியில் ஃபேன் கரண்டில் ஓடுவது, சாவியை எடுத்த பிறகும் சூட்டைப் பார்த்துத் தானாகச் சுற்றும். அடியில் மட்டும் போகாதே. என் பிக்கப் உயரம், உன் கார் தாழ்வு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது.

வெளியே எங்கேயும் ஈரம் இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால் அதுதான் எனக்குக் கவலை. முன்சீட்டுக் கால்பக்கம் மேட் நனைந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஆவி படிந்தால் உள்ளே இருக்கிற ஹீட்டர் பெட்டி ஒழுகுகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்திருந்தாலோ, வண்டி சூடான பிறகும் பின்னால் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு விடாமல் வந்தாலோ, அது ஹெட் கேஸ்கட்டாக இருக்கலாம். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை, உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரச்சொல்.

ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டால் ஓட்டை அடைத்துக்கொள்ளும் என்று யாராவது சொல்வார்கள். டிரைவர்கள் வழியில் வேறு கதியில்லாமல் போடுவது அது. ஓட்டையோடு சேர்த்து ரேடியேட்டரின் நூல் மாதிரி குழாய்களையும் அடைக்கும். உங்கள் சிறுவாணித் தண்ணீர் தித்திப்பாக இருக்கும், தெரியும், இருந்தாலும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கொள். கூலண்ட் டின்னில் கலந்தது என்று போட்டிருந்தால் அப்படியே ஊற்று, கெட்டியானது என்றால் பாதிக்குப் பாதி. நிறத்தைப் பார்த்து வாங்காதே, ஒரே நிறத்தில் வேறு வேறு வகை வருகிறது. வண்டிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாங்கு.

பழைய வண்டியை விற்றுவிடுங்கள், நான் பணம் போடுகிறேன் என்று போன மாதம் சொன்னாய். வேண்டாம். ஹோஸ், கிளிப், கூலண்ட் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிட்டது. தடை முடிந்து விசைப்படகு இறங்கும்போது என் பிக்கப் தயாராக நிற்கும். அந்தப் பணத்தை உன் கார் வேலைக்கு வைத்துக்கொள்.

அம்மா நெத்திலிக் கருவாடு காயவைத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். உன் ஹோஸின் வெளிச்சுற்றை நூலால் அளந்து சொன்னால் நல்ல ஸ்டீல் கிளிப் நான்கு வாங்கி அதே பையில் வைக்கிறேன். நாளைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் அட்டையைப் பார்த்துவிட்டுக் கூப்பிடு. ஆறு மணியானாலும் பரவாயில்லை, நான் எழுந்திருப்பேன்.

அப்பா