வழிகாட்டிய அக்காவுக்கு நன்றி

நாற்பதை நெருங்கும் வயதில் கணக்குப் பிரிவை விட்டுத் தரவுப் பகுப்பாய்வுக்குப் போக நினைத்தபோது, "இப்ப ஏன் இந்த வேலை?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். நீங்கள் ஒருத்திதான் வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடையில் இருந்து என் சுயவிபரக்கோவையை வரிவரியாகப் படித்தீர்கள். பதவிப் பெயர்களைப் பேனையால் வெட்டி, "என்ன செய்து முடிச்சீர் எண்டு எழுதும்" என்றீர்கள்.

அதைவிடப் பெரிய உதவி ஒன்று. "5 வருஷம் முடியட்டும், அதுக்குப் பிறகு விலகல் கடிதம் குடும். இல்லாட்டி பணிக்கொடை கிடைக்காது" என்று மறித்தீர்கள். சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். சம்பளமில்லாமல் படித்த மாதங்களில் கொழும்பு வாடகையைக் கட்டியது அந்தக் காசுதான். இதையெல்லாம் யார் சொல்லித் தருவார்கள்?

போன கிழமை புது வேலையில் நிரந்தரமாக்கிவிட்டார்கள், அக்கா. பெயர் போட வேண்டாம் என்றதால் போடவில்லை. மனம் நிறைந்த நன்றி.