2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: மரதன் ஓட்டமும் ஏனைய பணிகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே,

எமது சனசமூக நிலையத்தின் 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையை இப்பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கிறேன். சென்ற முறை அறிக்கை நீண்டு வடை ஆறிப்போனது என்று முறைப்பாடு வந்தது. ஆகவே வழமையான விடயங்களை முதலில் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு, பெப்ரவரியில் நடத்திய மரதன் ஓட்டத்துக்கு வருகிறேன். அதைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுவதால், நடந்ததை நடந்தபடி பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

வாசிகசாலைக்கு நாளிதழ்கள் தடையின்றி வந்தன. பகுதி பகுதியாகக் கழற்றிக்கொண்டு போகிறவர்களும் தடையின்றி வந்தார்கள். முன்பள்ளிக் கூரை திருத்தப்பட்டது. வாணி விழா சிறப்பாக நடந்தது. நவம்பர் இறுதியில் பெருமழையும் வெள்ளமும் வந்தபோது எமது மண்டபத்தில் அயற்குடும்பங்கள் தங்கின. அவர்களுக்குச் சமைத்த மாதர் சங்கத்துக்கு நன்றி. டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவியபோது, வயலில் இறங்குபவர்கள் தடுப்பு மாத்திரை எடுக்க வேண்டும் என்று பொதுச் சுகாதார பரிசோதகருடன் வீடு வீடாகச் சென்று சொன்னோம். இவ்வாண்டு மறைந்த உறுப்பினர்களுக்கு எமது அஞ்சலி.

இனி மரதன்.

அயற்கிராமத்துச் சிறுவர் இல்லத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தீர்மானம் பல ஆண்டுகளாக எமது கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. வழக்கமாகச் செய்வது ஒன்றுதான்: யாருடையதாவது பிறந்தநாள், திவசம் என்றால் ஒரு நேரச் சாப்பாடு. இம்முறை நிர்வாக சபையினர் முதலில் இல்லப் பொறுப்பாளர் அம்மாவைச் சந்தித்து, என்ன தேவை என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "சோறு போதும் தம்பி. தைப்பொங்கலன்று மூன்று பேர் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். கண்ணாடி உடைந்த பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கித்தர ஒருவரும் வருவதில்லை."

அவருடைய பட்டியலில் பிரியாணி இருக்கவில்லை. மூக்குக்கண்ணாடி, சப்பாத்து, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்குப் பிரத்தியேக வகுப்புக் கட்டணம், விடுமுறைக்கு முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் தாயிடம் போய்வர பஸ் காசு ஆகியவை இருந்தன. ஆம், அங்குள்ள பிள்ளைகள் பலருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள். வறுமையும் குடும்பப் பிரிவும்தான் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தவை. பட்டியலின் கடைசியில் இருந்தது எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. பதினெட்டு வயது முடிந்ததும் பிள்ளை இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். அறைக்கு முற்பணம், ஒரு பாய், ஒரு அடுப்பு, வேலைக்குப் போக ஒரு சைக்கிள்: இவற்றுக்கு யாரும் நன்கொடை தருவதில்லை. பதினெட்டு வயதுப் பையனோடு நின்று படம் எடுத்தால் பார்க்கிறவர்களுக்கு மனம் இளகுவதில்லை போலும்.

பணம் திரட்டும் வழி பற்றி இரண்டு கூட்டங்கள் வாதம் நடந்தது. இசைக்குழு ஒன்றை அழைக்கலாம் என்றார்கள். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் போக என்ன மிஞ்சும் என்று பொருளாளர் கேட்டதும் அந்த யோசனை அடங்கியது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எம்மவர்களுக்குத் தொலைபேசி எடுத்தால் ஒரே இரவில் முடிந்துவிடும் என்றார் ஓர் உறுப்பினர். அது உண்மைதான். ஆனால் அரைமணி நேர நடைதூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ரொறன்ரோவிலிருந்துதான் சப்பாத்து வர வேண்டுமா என்று தலைவர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் மரதன் பிறந்தது.

முறை எளிது. ஒவ்வொரு ஓட்டவீரரும் ஓர் அட்டையுடன் வீடு வீடாகப் போவார். அவர் ஓடி முடிக்கும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இவ்வளவு என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்திடுவார். பத்து ரூபாய் எழுதினால் முழுத் தூரத்துக்கு 420 ரூபாய். ஓட்டம் பாதியில் நின்றால் பணமும் பாதிதான். "ஓடாமலே தருகிறோம், எதற்கு இந்த வெயிலில்?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களிடம் போன வருடம் எவ்வளவு தந்தீர்கள் என்று திருப்பிக் கேட்குமாறு இளைஞர்களுக்குச் சொல்லியிருந்தேன். ஒழுங்கையின் கடைசி வீடு வரை அட்டைகள் போயின. பெரிய தொகை ஒன்றுக்காக இரண்டு கதவுகளை மட்டும் தட்டும் பழக்கத்தை இது உடைத்தது. வெளிநாட்டு உறவுகளின் பணத்தை நாம் மறுக்கவில்லை. ஊர் அட்டைகள் நிரம்பிய பின்னரே பெற்றோம், அவ்வளவுதான்.

தூரத்தில் விட்டுக்கொடுப்பு இல்லை என்று எமது ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒற்றைக்காலில் நின்றார். 42.195 கிலோமீற்றர் என்பது 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921இல் உலக அளவாக உறுதிசெய்யப்பட்ட கணக்கு. பாடசாலை வீதியோட்டம் போல நாலைந்து சந்திகளைச் சுற்றிவிட்டு மரதன் என்று சொல்லிப் பணம் வாங்கக்கூடாது என்றார். வீதியில் இரும்பு நாடாவால் அளந்த ஒரு துண்டில் தமது சைக்கிளை ஓட்டிச் சரிபார்த்து, பின்னர் சில்லின் சுற்றுகளை எண்ணியே முழுப் பாதையையும் அளந்தார். இருபதாயிரத்துக்குக் கிட்டிய சுற்றுகள். உலகப் போட்டிகளின் பாதைகளையும் சைக்கிளால்தான் அளக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது சிரித்தவர்கள் பிறகு விசாரித்துவிட்டு அடங்கிவிட்டார்கள்.

பாதை இது: நிலைய வாசலிலிருந்து புத்தூர்ச் சந்தி, ஆவரங்கால், வல்லை வெளி, நெல்லியடி, மந்திகை வழியாகப் பருத்தித்துறை. அங்கிருந்து கரையோரமாக வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு. பிறகு அச்சுவேலி வழியாகத் திரும்புவது. குறைந்த தூரத்தை எங்கள் ஒழுங்கைகளைச் சுற்றி நிரப்பினோம். பொலிஸ் அனுமதியும் பிரதேச சபையின் ஒத்துழைப்பும் கிடைத்தன.

பதினொருவர் அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டார்கள். தபாற்காரர், மேசன் இருவர், தாதியர் பயிற்சி பெறும் ஒரு பெண் உட்பட. "இருட்டில் ஒரு பெண்பிள்ளை வீதியில் ஓடுவதா?" என்று கேட்டவர்களுக்கு அந்தப் பெண்ணின் அம்மம்மாவே பதில் சொல்லிவிட்டார். அந்தப் பதிலை அறிக்கையில் எழுத முடியாது. இளைஞர்கள் சைக்கிளில் பக்கத்துணையாகப் போனார்கள், கையில் ஒரு தடியுடன். விடியற்காலை வீதிகள் நாய்களுடையவை என்பது உங்களுக்குத் தெரியும்.

வல்லை வெளியில் ஒதுங்க மரமும் இல்லை, மதிலும் இல்லை. வாடைக்காற்று நேரே முகத்தில் அடித்தது. வாகனக்காரர்கள் வழமையாக நின்று கும்பிடும் முனியப்பர் கோவிலடியில் எங்களவர்களும் நின்றார்கள். கும்பிடவா, மூச்சு வாங்கவா என்று விசாரிக்கவில்லை. கடலோரம் வந்தபோது சூரியன் ஏறிவிட்டது. தனியார் பஸ் ஒன்று இன்னொன்றை முந்தும் அவசரத்தில் எமது பையன் ஒருவனை வீதியோர மணலுக்குள் தள்ளிவிட்டுப் போனது. காயம் சிறிது. ஆத்திரம் பெரிது. அடுத்த முறை அந்தத் துண்டில் பொலிஸ் பாதுகாப்பு இல்லாமல் ஓடக்கூடாது என்பது என் கருத்து.

முப்பதாவது கிலோமீற்றர் வல்வெட்டித்துறையில் வந்தது. உடலில் சேமித்த மாச்சத்து தீர்ந்து கால்கள் கல்லாவது அந்த அளவில்தான். 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியும், 1971இல் போய்த் திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தனும் அந்தக் கரையோரத்தைச் சேர்ந்தவர்கள். உடற்கல்வி ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து அதை ஒவ்வொருவர் காதிலும் கத்திக்கொண்டிருந்தார். அது உதவியதா தெரியாது. உதவியது பனங்கட்டி. கடைகளில் விற்கும் விலையுயர்ந்த சத்துக்கூழ் வாங்க வசதியில்லாததால், ஆளுக்கொரு சின்ன ஓலைக்குட்டான் பனங்கட்டி கொடுத்திருந்தோம். கதலி வாழைப்பழம், உப்பிட்ட மோர், ஜீவனி என்ற உப்பும் சீனியும் கலந்த கரைசல் ஆகியவை ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இருந்தன. வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து ஆபத்தாகும் என்று எமது டொக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். தண்ணீர்க் குடத்துடன் வாசலில் நின்ற தாய்மார்களைத் தடுப்பதுதான் கடினமாக இருந்தது.

செல்வச்சந்நிதியில் வேறொரு சோதனை. அன்னதானத்துக்குப் பேர்போன இடம் அல்லவா? ஓடுகிறவர்களை மறித்துச் சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். மேசன்மாரில் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். சோற்றையும் முடித்து, மீதித் தூரத்தை நடந்தே முடித்தார். அவருடைய அட்டைக்காரர்கள் முழுப் பணமும் கொடுத்தார்கள்.

ஒன்பது பேர் முழுத் தூரத்தையும் முடித்தார்கள். தபாற்காரர் முதலில் வந்தார். தாதியர் மாணவி மூன்றாவதாக வந்தார். இருவர் அச்சுவேலியில் தசைப்பிடிப்பால் நிறுத்தப்பட்டார்கள். தொடர்வோம் என்று அடம்பிடித்தார்கள், டொக்டர் விடவில்லை.

இல்லப் பிள்ளைகளை மாலையுடன் வாசலில் நிறுத்த வேண்டும், காசோலை கொடுக்கும்போது படம் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை வந்தது. இரண்டுக்கும் இல்லம் சம்மதிக்கவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. படம் இல்லாவிட்டால் தந்தவர்களுக்கு எதைக் காட்டுவது என்று கேட்டவர்களுக்காக, பற்றுச்சீட்டுகளின் பிரதிகள் வாசிகசாலை விளம்பரப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. கண்ணாடி எத்தனை, வகுப்புக் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர் இல்லை.

திரட்டிய மொத்தத் தொகையை நான் இங்கே சொல்லவில்லை. அது பொருளாளரின் உரிமை. பெரும்பங்கு, இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கான நிலையான வைப்பாக வங்கியில் இடப்பட்டுள்ளது என்பதை மட்டும் சொல்கிறேன். அதிலிருந்து பணம் எடுக்க இல்லப் பொறுப்பாளர், எமது தலைவர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட வேண்டும்.

அனுசரணை தர முன்வந்த வர்த்தகர்கள் சிலர் தம் பெயர் பொறித்த மேலாடை கேட்டார்கள். மேலாடை அச்சிடுவதில்லை என்ற முடிவால் அவர்களை இழந்தோம். அது சரியான முடிவு என்றே இன்னும் நினைக்கிறேன். மாறாகக் கருதும் உறுப்பினர்கள் இன்று பேசலாம்.

இச்சபையின் முன் இரண்டு பிரேரணைகள் இருக்கின்றன. ஒன்று, ஓட்டத்தை ஆண்டுதோறும் நடத்துவதா, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையா என்பது. மற்றது, நடக்க விரும்பும் முதியவர்களுக்காகப் பத்துக் கிலோமீற்றர் பிரிவு ஒன்றைச் சேர்ப்பது. இரண்டாவதை முன்மொழிந்தவர் மேற்படி அம்மம்மா. வழிமொழிய ஒருவர் தேவை.

கணக்கறிக்கையை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.