நாம் பூசியதற்கும் வயதாகிறது

அருங்காட்சியகங்களையும் ஆவணக் காப்பகங்களையும் நடத்துவோருக்கும், அவற்றின் பாதுகாப்புப் பணிக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

பழம்பொருள்களை ஆராயும் ஆய்வுக்கூட வேலையில் இருப்பவர்களில் ஒருவராக இதை எழுதுகிறேன். ஒரு பொருளை எங்களிடம் அனுப்பும்போது நீங்கள் கேட்பதெல்லாம் அது எதனால் ஆனது, எந்தக் காலத்தது, அசலா போலியா என்பதுதான். தவறில்லை. ஆனால் நமக்கு முன்னால் இருந்தவர்கள் அதன்மேல் எதைப் பூசினார்கள், எதை வைத்து ஒட்டினார்கள், அந்தப் பூச்சும் பசையும் இன்று என்ன நிலையில் இருக்கின்றன என்று அனேகமாக யாரும் கேட்பதில்லை. அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

இருட்டறையில் ஒரு பழைய ஓவியத்தின் மேல் புறஊதா விளக்கைக் காட்டிப் பாருங்கள். பிசினால் செய்த பழைய வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அரக்குப் பூச்சு ஆரஞ்சு நிறம் காட்டும். பின்னாளில் யாரோ தீட்டிய திருத்தங்கள் கருந்திட்டுகளாக நிற்கும். பகல் வெளிச்சத்தில் ஒருவர் வரைந்ததாகத் தெரிந்த படம், அந்த விளக்கின் கீழ் பல கைகள் பட்ட படமாகப் பிரிந்துவிடும். பெரும்பாலும் அடியில் உள்ள மண் நிறமிகள் கலங்காமல் இருக்கும். மேலே பூசியதுதான் பழுப்பேறிக் கிடக்கும். அஜந்தாவில் நடந்ததும் இதுதான். 1920களின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து வரவழைக்கப்பட்ட வல்லுநர்கள், உதிர்ந்துகொண்டிருந்த சுவரோவியங்களைப் பிடித்து நிறுத்த அரக்கு வார்னிஷ் பூசினார்கள். அது மஞ்சளித்து, நிறங்களை மூடியது. பின்னால் வந்தவர்களின் உழைப்பில் பெரும்பங்கு அந்தப் பூச்சை எடுப்பதிலேயே போயிற்று.

இதைவிடக் கொடுமையானது நார்வேயின் ஓசெபெர்க் கதை. 1904இல் அகழ்ந்த அந்த வைக்கிங் கப்பல் புதைகுழியில் செதுக்கு வேலைப்பாடுள்ள மரப்பொருள்கள் ஏராளமாகக் கிடைத்தன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஈர மண்ணில் ஊறிய மரத்தை அப்படியே காயவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். ஆகவே அவற்றில் பலவற்றைச் சூடான படிகாரக் கரைசலில் மணிக்கணக்கில் போட்டு வைத்தார்கள். அன்றைக்கு அதுதான் தெரிந்த வழி. மரமும் வடிவம் கெடாமல் நின்றது. ஆனால் படிகாரக் கரைசலைச் சூடாக்கினால் கந்தக அமிலம் உண்டாகும். அந்த அமிலம் மரத்துக்குள்ளேயே தங்கி, மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸை விடாமல் அரித்தது. பிற்காலத்தில் அளந்தபோது சில பொருள்களில் அமிலத்தன்மை பிஎச் 1 வரை, அதாவது மிகக் கடுமையாக, இருந்தது. வெளியே வார்னிஷ் பூசியிருந்ததால் பார்வைக்கு எல்லாம் முழுசாகவே இருந்தன. உள்ளே பல இடங்களில் மரம் மாவாகியிருந்தது. பேழைக்கு வெளியே நின்று பார்க்கும் எந்தக் கண்ணுக்கும் இது தெரியாது. வருடாந்தரக் கணக்கெடுப்பில் 'நல்ல நிலை' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், எழுதவும் செய்வோம்.

சுவீடனின் வாசா போர்க்கப்பல் 1628இல் மூழ்கி 1961இல் மேலே வந்தது. மரத்தில் நீரின் இடத்தைப் பிடித்துச் சுருங்காமல் காக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைப் பல ஆண்டுகள் தெளித்து அதைக் காப்பாற்றினார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் மரத்தின் மேல் அமில உப்புகள் பூக்கத் தொடங்கின. கடலடியில் மரம் உறிஞ்சிய கந்தகமும் இரும்புத் துருவும் காற்றுப் பட்டு வினைபுரிந்ததன் விளைவு அது. கப்பலை மீட்ட பிறகு பொருத்திய இரும்பு ஆணிகளையும் ஆயிரக்கணக்கில் பிடுங்கி, துருப்பிடிக்காத எஃகு ஆணிகளை வைக்க வேண்டியதாயிற்று. பார்த்தினான் கோயிலிலும் இரும்புதான் வில்லன். பழைய கிரேக்கக் கொத்தர்கள் இரும்புப் பிணைப்புகளைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைத்தவர்கள் அந்த ஈயத்தை விட்டுவிட்டார்கள். இரும்பு துருப்பிடித்து உப்பியது, பளிங்கு பிளந்தது. இப்போது அந்த இடங்களில் டைட்டானியம் இருக்கிறது.

இவர்கள் யாரும் அலட்சியக்காரர்கள் அல்லர். பிரச்சினை அவர்கள் செய்ததில் இருப்பதைவிட, செய்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்காததில்தான் அதிகம் இருக்கிறது. 1950களின் இறுதியில் 'கரையும் நைலான்' என்ற பொருள் வந்தது. உதிரும் மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கும், வேண்டும்போது கரைத்து எடுத்துவிடலாம் என்றார்கள். நாளாக ஆக அது தனக்குள்ளேயே பிணைந்துகொண்டு எதிலும் கரையாத படலமாகிவிட்டது. 'திரும்ப எடுத்துவிடலாம்' என்று இன்று எங்களைப் போன்றவர்கள் தரும் வாக்குறுதியையும் இதை நினைவில் வைத்துக்கொண்டே கேளுங்கள். பாராலாய்டு பி-72 போன்ற அக்ரிலிக் பிசின் பத்தாண்டுக்கணக்கான சோதனைகளில் நன்றாகத் தாக்குப்பிடித்திருக்கிறது, நானும் அதைத்தான் சிபாரிசு செய்வேன். அதற்காக அதைப் பூசிய பொருளைக் கண்காணிக்காமல் விடலாம் என்று ஆகாது.

இனி கருவிகள் பற்றி. கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி இன்று பல நிறுவனங்களில் இருக்கிறது. துப்பாக்கி போலப் பிடித்து ஒரு நிமிடத்தில் ஈயம் இவ்வளவு, பாதரசம் இவ்வளவு என்று சொல்லிவிடும். புகைப்படத்திலும் அழகாக விழும். நல்ல கருவிதான். ஆனால் அது காட்டுவது தனிமங்களை, அதிலும் கனமானவற்றை. பசை, பிசின், வார்னிஷ், நெகிழி எல்லாம் பெரும்பாலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற லேசான தனிமங்கள்தான். அவை அதன் கண்ணில் படாது. 'ஆராய்ந்துவிட்டோம், புதிதாக எதுவும் பூசப்படவில்லை' என்று இந்தக் கருவியை மட்டும் நம்பி எழுதும் அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பசையையும் பூச்சையும் அடையாளம் காண வேண்டியது அகச்சிவப்பு நிறமாலை, அதாவது ஒரு பொருள் எந்தெந்த அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சுகிறது என்று காட்டும் வரைபடம். ஊசிமுனை அளவு துகள் போதும். செல்லுலோஸ் நைட்ரேட் பசையானால் 1650, 1280, 840 என்ற அலையெண்களுக்கு அருகே தெளிவான முகடுகள் எழும். அதைப் பார்த்த உடனேயே கவலைப்பட வேண்டும். அந்தப் பசை சிதையும்போது வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். பக்கத்தில் உலோகம் இருந்தால் அதுவும் அரிபடும். இந்தத் துகளை எடுக்க அனுமதி கேட்டால் கோப்பு மாதக்கணக்கில் சுற்றுகிறது. எதையும் தொடக்கூடாது என்ற கொள்கை எனக்கும் உவப்பானதுதான். ஆனால் தானாகவே உதிர்ந்து பெட்டியின் அடியில் கிடக்கும் செதிலைக்கூட எடுக்க விடாமல், அடுத்த துப்புரவில் கூட்டித் தள்ளுவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

காட்சிப் பேழைகளையும் அலமாரிகளையும் வாங்குவது நீங்கள். மரமும் மரப்பலகைகளும், குறிப்பாக ஓக், அசிட்டிக் அமில ஆவியை விடும். மூடிய பேழைக்குள் அது சேர்ந்தால் ஈயப் பொருள்கள் வெள்ளைப் பொடியாகும், சங்கும் சிப்பியும் உப்புப் பூக்கும். இதற்கான சோதனையை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆடி என்பவர் 1973இலேயே வகுத்துவிட்டார். மூடிய குப்பியில் பலகைத் துண்டு, சிறிது தண்ணீர், வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகள். 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள். தகடுகள் கெட்டால் அந்தப் பலகை வேண்டாம். ஒப்பந்தப் புள்ளியில் பேழையின் கண்ணாடித் தடிமன் வரை எழுதுகிறீர்கள், இந்த ஒரு வரியையும் எழுதலாமே.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். செயற்கையாக முதுமையாக்கும் சோதனைகளின் முடிவைக் கொண்டுவந்து, 'இது 200 ஆண்டு தாங்கும்' என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அதிக வெப்பத்தில் நடக்கும் வினை சாதாரண அறையில் நடக்காமலே போகலாம். இரண்டு பொருள்களில் எது மேல் என்று ஒப்பிட அந்தச் சோதனை உதவும், ஆண்டுக்கணக்கு சொல்ல உதவாது.

சரியான ஆய்வு செலவையும் திசைமாற்றும். எட்வர்ட் முங்க் வரைந்த 'அலறல்' ஓவியத்தின் 1910 வாக்கிலான வடிவத்தில் காட்மியம் மஞ்சள் வெளிறி உதிர்ந்தபோது, எல்லோரும் வெளிச்சத்தைச் சந்தேகித்தார்கள். 2020இல் வெளியான ஆய்வு முக்கியக் காரணம் ஈரப்பதம் என்று காட்டியது. விளக்குகளை வழக்கமான அளவில் வைத்து, ஈரப்பதத்தை 45 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் பார்த்தால் போதும் என்பது அதன் பரிந்துரை.

ஆகவே நான் கேட்பது பெரிய கருவிகளை அல்ல. இனி எந்தப் பொருளுக்குச் சிகிச்சை செய்தாலும், என்ன பூசினோம், எந்தக் கரைப்பானில், எத்தனை விழுக்காடு, யார் தயாரித்தது, எந்தத் தொகுதி எண் என்பதைப் பதிவேட்டில் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். அதே பசையை ஒரு கண்ணாடித் தகட்டில் தடவி, தேதியிட்டு, பொருளின் பக்கத்திலேயே வையுங்கள். பொருளைத் தொடாமலே அதைச் சோதித்து நிலைமையை அறியலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு என்று நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பு வேண்டும். 'இதர செலவு' என்ற தலைப்பில் போட்டால் முதல் வெட்டு அங்கேதான் விழும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தோற்றுப்போன சிகிச்சைகளின் பதிவுகளை மற்ற நிறுவனங்களும் பார்க்கும்படி திறந்து வையுங்கள். பெயர் கெட்டுவிடும் என்று பூட்டி வைத்தால், அதே பசையை இன்னொருவர் அடுத்த வாரம் வாங்குவார்.

பழைய சிகிச்சைப் பதிவேடுகளிலிருந்து தொடங்கலாம். அவை உங்கள் அலுவலக அலமாரிகளில்தான் இருக்கின்றன. யாரையாவது உட்காரவைத்து, நைட்ரேட், நைலான், படிகாரம், அரக்கு என்று வரும் பொருள்களின் பட்டியலை எடுத்து அனுப்புங்கள். எதை முதலில் சோதிக்க வேண்டும் என்று நாங்கள் வரிசைப்படுத்தித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வுக்கூடப் பணியாளர்