“அந்தக் கறுப்பு ஆளின் வண்டி”

டர்பன்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மீனாட்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. பேத்தியோடு நீ போட்ட சண்டையைப் படித்துச் சிரித்தேன்; சிரித்து முடித்ததும் அவள் பக்கம் சேரவே தோன்றியது. பெண் பார்க்கப் போய்விட்டு வந்து “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்றாயாம். பாராட்டைக் கூடவா குற்றமாக எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்கிறாய். பாராட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் “சிவப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று நம் ஊரில் எவரும் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? அந்த “இருந்தாலும்” எங்கிருந்து வந்தது என்றுதான் அவள் கேட்கிறாள். “இந்தக் காலத்தில் வாயைத் திறந்தாலே சண்டைக்கு வருகிறார்கள்” என்று நீ நொந்துகொண்டதற்குப் பதிலாக, தென்னாப்பிரிக்காவின் உச்ச அமைப்பான அரசியல் சட்ட நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கை எழுதுகிறேன்.

ருஸ்டன்பர்க் பகுதியிலுள்ள பிளாட்டினச் சுரங்கம் ஒன்றில், 2013இல், வெள்ளையர் ஒருவர் தம் வண்டியை ஒட்டிப் பெரிய வண்டி ஒன்று நிறுத்தப்படுவதைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்தார். சரியான பதில் வரவில்லை. ஒருநாள் மேலதிகாரி நடத்திக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் நுழைந்து, “அந்தக் கறுப்பு ஆளின் வண்டியை அப்புறப்படுத்துங்கள்” என்று ஆஃப்ரிகான்ஸ் மொழியில் உரக்கச் சொன்னார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. அதிகாரியிடம் அடாவடியாக நடந்துகொண்டதும் அதில் சேர்ந்திருந்தது. வேலை போயிற்று. தொழில் தகராறுகளை விசாரிக்கும் ஆணையம், வண்டிக்காரரின் பெயர் தெரியாததால் அடையாளத்துக்காகச் சொன்னதுதானே என்று அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. தொழிலாளர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ, “கறுப்பு ஆள்” என்பது தன்னளவில் யாரையும் இழிவுபடுத்தாத சொல் என்று கூறி, மீண்டும் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

நீயும் நானும் நீதிபதிகளாக இருந்திருந்தால் அத்தோடு நிறுத்தியிருப்போம் என்றே நினைக்கிறேன். 2018 மே மாதம் அரசியல் சட்ட நீதிமன்றம் வேறு விதமாக யோசித்தது. அதே சொற்றொடர் ஓரிடத்தில் வெறும் அடையாளமாகவும் இன்னோரிடத்தில் இழிவாகவும் இருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் அதை முதலிலேயே குற்றமற்றது என்று வைத்துக்கொண்டு விசாரிக்கத் தொடங்குவது, இனவொதுக்கல் விட்டுச்சென்ற காயத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதாகும் என்றது. சொன்னவர் மனத்தில் என்ன இருந்தது என்பதோடு நிற்காமல், விவரமறிந்த நடுநிலையான ஒருவர் காதில் அது எப்படி விழும் என்பதைப் பார்க்க வேண்டும் என்றது. வேலைநீக்கம் செல்லும் என்று முடித்தது. அவர் இறுதிவரை வருத்தம் தெரிவிக்காததும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

இங்கே வந்து தங்கியிராவிட்டால் இந்தத் தீர்ப்பு எனக்கும் மிகையாகவே பட்டிருக்கும். 1950இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று ஒவ்வொரு மனிதரையும் இன்ன இனம் என்று பதிவேட்டில் எழுதிவைத்தது. அதே ஆண்டின் இன்னொரு சட்டம் எந்த இனம் எந்த இடத்தில் குடியிருக்கலாம் என்று வரையறுத்தது. என் மகன் குடியிருக்கும் சாட்ஸ்வொர்த், நகரின் வேறு பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட இந்தியர்களுக்காகவே அப்போது உருவாக்கப்பட்ட இடம். பள்ளி, மருத்துவமனை, கடற்கரை, பூங்கா இருக்கை என எல்லாவற்றையும் நிறப்பெயர் ஒன்று தீர்மானித்த ஊரில், ஒருவரின் வண்டியைச் சுட்டுவதற்கு நிறத்தைத் தவிர வேறு அடையாளமா கிடைக்கவில்லை என்று கேட்பவர்களைத் தொட்டாற்சுருங்கிகள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்காக எல்லாக் கூச்சலும் நியாயம் என்று சொல்ல வரவில்லை. 1999இல் வாஷிங்டன் மேயரின் உதவியாளர் ஒருவர், கஞ்சத்தனத்தைக் குறிக்கும் “நிகர்ட்லி” என்ற பழைய ஆங்கிலச் சொல்லைப் பேச்சில் பயன்படுத்தினார். கறுப்பின மக்களை இழிக்கும் வசைச்சொல்லோடு அதற்கு வேர்வழித் தொடர்பு ஏதுமில்லை. ஓசை மட்டும் ஒத்திருந்தது. அதற்கே அவர் பதவி விலக நேர்ந்தது. பிறகு திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அது அவசரம். இன்னொரு வகை, பெயரை மாற்றிவிட்டு உள்ளதை அப்படியே வைத்துக்கொள்வது. 2020இல் நம் ஊர் முகப்பூச்சு ஒன்று தன் பெயரிலிருந்து “ஃபேர்” என்பதை எடுத்துவிட்டு “குளோ” என்று போட்டுக்கொண்டதே, அதனால் மணமகள் தேவை விளம்பரங்களில் “நல்ல நிறம்” கேட்பது நின்றுவிட்டதா என்ன?

இனி என் சங்கடம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ என்ற கப்பலில்தான் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் டர்பனில் இறங்கினார்கள். 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் வந்தார்கள்; பெரும்பகுதியினர் சென்னை வழியாக. நமக்குச் சம்பளத்தைக் குறிக்கும் “கூலி” இங்கே இந்தியர் அனைவரையும் இழிக்கும் வசையாயிற்று. 1893இல் வந்த காந்தியையே “கூலி பாரிஸ்டர்” என்றார்கள். இந்த ஆண்டு நினைவுநாளில் நம் நாட்டார் பாடல்களைப் பற்றிப் பேசும்படி இங்குள்ள தமிழ் நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். நாற்று நடவுப் பாடல்களில் கூலி வராத பாடலைத் தேட வேண்டியிருக்கிறது. அரங்கில் இருக்கப்போகிற முதியவர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் அந்த ஒரு சொல்லைத் தெருவில் வசையாகக் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். தலைப்பில் அதைத் தவிர்த்துவிட்டேன். பாட்டில் மாற்ற மாட்டேன்; பாடுவதற்கு முன்பே, நம் வயல்களில் அதற்கு என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் விளக்கிவிடலாம் என்றிருக்கிறேன். பேத்தி இதை ஒப்புக்கொள்வாளா என்று கேட்டு எழுது. உன்னிடமுள்ள பாடல் தொகுப்பிலிருந்து இரண்டு மூன்றைப் படியெடுத்து அக்டோபருக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
கோபாலன்